கல்லடியில் இஞ்சி பியர்: காத்தான்குடிக்கும் அறுகம்பைக்கும் ஒரே சரக்குப் போடலாமா?

வாவிக்கரை கேட்டது:

மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டோடு சேர்ந்த சின்ன இஞ்சி பியர் உற்பத்தி. ஒரு தடவைக்கு 60 லீட்டர்; 330 மில்லிலீட்டர் கண்ணாடிப் போத்தலில் 180 அளவில் வரும். இஞ்சி 3 கிலோ அரைத்து அவித்து வடிகட்டி, லீட்டருக்கு 80 கிராம் சீனி, தேசிக்காய்ப் புளி, ஆறினதும் ஈஸ்ட். 24 மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு மூடி அடித்துக் குளிரில் வைப்பது. இனிப்புச் சாராயம் மாதிரி இல்லை, சோடா மாதிரித்தான் இருக்கும்.

முஸ்லிம் ஊர்களான காத்தான்குடி, ஏறாவூர்க் கடைகளுக்கும், மே மாதத்திலிருந்து சுற்றுலாக் கரையான அறுகம்பைக்கும் போட யோசனை. தடைகள் மூன்று. சில போத்தல் கடையிலேயே வெடிக்கிறது, சிலது திறந்ததும் பாதி நுரையாகப் போகிறது. காத்தான்குடியில் லேபலில் "பியர்" என்று கண்டதும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். கூலர் உள்ள கடைகளில் அந்தக் கூலர் பெரிய கம்பனியுடையது, வேறு சாமான் வைக்கக் கூடாதாம். விளம்பரத்துக்கென்று கொஞ்சம் காசு ஒதுக்கியிருக்கு. முகநூலா, பதாகையா, கடைக்குக் கூடுதல் கொமிஷனா?

சோடாப்பட்டறை:

விளம்பரக் காசை இப்போதைக்குத் தொட வேண்டாம். உங்களுடைய மூன்று தடையில் இரண்டு அந்த ஈஸ்ட்டிலிருந்துதான் வருகிறது.

ஒரு லீட்டரில் 4 கிராம் சீனியை ஈஸ்ட் தின்றால் ஏறக்குறைய ஒரு மடங்கு காபனீரொட்சைட்டு வரும், அதாவது ஒரு லீட்டர் பானத்துக்கு ஒரு லீட்டர் காஸ். நாக்கில் சுள்ளென்று நிற்க 3 மடங்காவது வேண்டும். உங்கள் போத்தலில் சீனி 80 கிராம். 24 மணி நேரத்தில் 10 கிராம் போனாலும் மீதி 70 கிராம் உள்ளேயே கிடக்கிறது. அதையும் தின்று முடித்தால் 17 மடங்கு. அதைத் தாங்கும் கண்ணாடி எந்தக் கடையிலும் இல்லை. குளிர் ஈஸ்ட்டைத் தூங்க வைக்குமே தவிரக் கொல்லாது. கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் கூலர் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போகிற கடைகள் எத்தனை என்று பாருங்கள், வெடிப்பது அங்கேதான்.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம். காஸ் வருகிற அதே அளவுக்கு மதுசாரமும் வரும். லீட்டருக்கு 8 கிராம் சீனி போனால் 2 மடங்கு காஸ், கூடவே 0.5 வீத மதுசாரம். 12 கிராம் போனால் 0.75. ஆக, ஈஸ்ட்டை மட்டும் நம்பி நல்ல காஸ் ஏற்றுகிற எவரும் அரை வீதத்தைத் தாண்டித்தான் தீருவார். அது மதுபானக் கணக்கில் விழுந்தால் மதுவரி அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மதுசார விளம்பரமே தடை, 21 வயதுக்குக் கீழே விற்கவும் கூடாது. நீங்கள் கேட்கிற முகநூலும் பதாகையும் அப்போது வழக்காகிவிடும்.

பானத்தின் அடர்த்தியைக் காட்டுகிற நீரமானியை வைத்து அளப்பதென்றால் இரண்டு பொறி இருக்கிறது. 80 கிராம் சீனிக்கு 1.032 அளவில் காட்டும்; அது 1.028க்கு இறங்கினாலே அரை வீதம் வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான நீரமானி 20 பாகைக்குச் செய்தது. எங்கள் ஊர் 30 பாகையில் வைத்தால் 0.002, 0.003 குறைத்துக் காட்டும், அதுவே நீங்கள் தேடுகிற வித்தியாசத்தின் பாதிக்கு மேல். மாதிரியை 20 பாகைக்கு ஆற்றுங்கள். காஸையும் நன்றாகக் கலக்கி வெளியேற்றுங்கள், குமிழி ஒட்டினால் கம்பி மேலே மிதந்து பொய் சொல்லும்.

செய்ய வேண்டியது: கடைச் சரக்கில் ஈஸ்ட்டை அடியோடு விடுங்கள், காஸை சிலிண்டரிலிருந்து ஏற்றுங்கள். உணவுக்கான சிலிண்டர் என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். வெல்டிங் கடைச் சிலிண்டர் வேண்டவே வேண்டாம். 19 லீட்டர் ஸ்டீல் கெக்கில் (அழுத்தம் தாங்குகிற பீப்பாய்) பானத்தை 3 பாகைக்குக் குளிரவைத்து, மேலே நிற்கிற காற்றை இரண்டு மூன்று தரம் காஸால் தள்ளி வெளியேற்றி, 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சில நாள் விட்டால் 3 மடங்குக்கு மேல் ஏறும். அவசரமென்றால் கெக்கை உருட்டலாம். குளிர் போதாவிட்டால் அதே அழுத்தத்தில் குறைவாகத்தான் ஏறும், ஏறினதுகூட நிரப்பும்போது நுரையாகப் போய்விடும். லீட்டருக்கு 7 கிராம் காஸ்தான் செலவு. 6 கிலோ சிலிண்டரில் பாதி வீணானாலும் 400 லீட்டருக்கு வரும்.

ஈஸ்ட் இல்லாவிட்டாலும் சீனித் தண்ணீர் கெடும். காற்றிலும் மூடியிலும் இருந்து வருகிற காட்டு ஈஸ்ட் போதும். அதனால் போத்தலை நன்றாகக் கழுவி, புளிப்பைக் காட்டுகிற பீ.எச். பெறுமானத்தை 3.3க்குக் கீழே வைத்து, கெடாமல் காக்கிற சோடியம் பென்சோவேட்டை அனுமதித்த அளவுக்குள் போடுங்கள். புளி குறைந்தால் பென்சோவேட் வேலை செய்யாது. பிறகு ஒவ்வொரு தொகுதியிலும் நாலு போத்தலை வெயில் படுகிற ஜன்னலில் மூன்று கிழமை வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் போத்தலென்றால் கையால் அமத்தினாலே தெரியும்.

நுரை பொங்குவது வேறு நோய். இஞ்சி நாரும் மாவும்தான் காரணம். ஒவ்வொரு துகளிலும் காஸ் தொற்றி வெளியே பாயும். அவிக்கிறதுக்கு முன்பே பச்சைச் சாற்றைப் பிழிந்து ஒரு மணி நேரம் அசையாமல் விடுங்கள். அடியில் சுண்ணாம்பு கரைத்தது மாதிரி வெள்ளை மண்டி நிற்கும். மேல் சாற்றை மட்டும் எடுங்கள். மண்டியோடு அவித்தால் அது கஞ்சியாகிவிடும், பிறகு எந்தத் துணியாலும் வடிக்க ஏலாது.

காத்தநகர் நானா:

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன் தம்பி. காத்தான்குடி, ஓட்டமாவடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று எங்கேயும் முதல் கேள்வி "இது எப்படிச் செய்தது?" என்பதுதான். அரை வீதமா கால் வீதமா என்று விளக்கப்போனால் அந்த வாசலில் வியாபாரம் முடிந்தது. ஈஸ்ட் போடாமல் செய்தால் "புளிக்க வைக்காதது, காஸ் ஏற்றியது" என்று ஒரு வரி லேபலில் போடுங்கள். ஹலால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறதாக இருந்தால் புளிக்க வைக்கிற சரக்குக்கு வேறு பாத்திரம், வேறு குழாய், முடிந்தால் வேறு அறை. பெயரையும் "இஞ்சிச் சோடா" என்று மாற்றிவிடுங்கள், வில்லங்கமில்லை.

நோன்புக்குத்தான் இந்தப் பகுதியில் குளிர்பானம் ஓடும். நோன்பு ஒவ்வொரு வருஷமும் 10, 11 நாள் முன்னுக்கு வரும், அதைப் பார்த்துச் சரக்குக் கட்டுங்கள். பகலில் ருசி பார்க்கக் கொடுக்க முடியாது என்பதால் ருசி காட்டுகிற வேலையெல்லாம் நோன்புக்கு மூன்று கிழமைக்கு முன்னமே முடிய வேணும். 20 லீட்டரில் 60 மில்லி கப் 300க்கு மேல் ஊற்றலாம். உங்கள் பதாகைக் காசுக்கு அதுதான் சரியான செலவு.

கணக்குப்பிள்ளை:

பெயர் விஷயத்தில் நானாவோடு ஒத்துக்கொள்ள மாட்டேன். எலிபன்ட் ஹவுஸ் கம்பனியின் ஜிஞ்சர் பியர் காத்தான்குடியிலும் கல்முனையிலும் "பியர்" என்ற பெயரோடுதானே விற்கிறது. சந்தேகம் பெயரில் இல்லை, கையெழுத்து லேபல் ஒட்டின பழுப்புப் பியர்ப் போத்தலில். வெள்ளைப் போத்தலுக்கு மாறுங்கள். சீனி அளவைக் காட்டுகிற நிற அடையாளம், திகதி, முகவரி, மூன்று மொழி எல்லாம் ஒழுங்காக இருந்தால் பி.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேள்வி கேட்க மாட்டார். "சளிக்கு நல்லது, செமிபாட்டுக்கு நல்லது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

விலைக்கு வருவோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. கடையில் 200 ரூபா, கடைக்காரருக்கு 40, ஏற்றி இறக்க 15. கையில் 145. ஒரு போத்தலுக்கு இஞ்சி 16.5 கிராம்: கிலோ 1,500 என்றால் 25 ரூபா, 3,000 ஆனால் 50. சீனி 26 கிராம், கிலோ 250 என்றால் 7 ரூபா கூட இல்லை. ஆகவே சீனியைக் குறைத்து மிச்சம் பிடிக்கிற யோசனை வேண்டாம், இஞ்சியில்தான் அடிபடுவீர்கள். விலை இறங்கினபோது வாங்கிச் சாறு பிழிந்து உறைய வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு காரத்தைச் சுக்கிலிருந்து எடுக்கலாம், காய்ந்த இஞ்சிக்கு உறைப்புக் கூட. வாசம் மட்டும் பச்சை இஞ்சிதான் தரும்.

கூலருக்காகச் சண்டை பிடிக்காதீர்கள். அந்தக் கூலர் ஓசியாக வந்தது, கடைக்காரர் அதை இழக்கத் துணியமாட்டார். கூடுதல் கொமிஷனும் வீண். நீங்கள் 5 ரூபா கூட்டினால் கம்பனி ஒரு பெட்டி இலவசமாகப் போடும். சாப்பாட்டுக் கடைகளுக்குப் போங்கள்: புரியாணி, கொத்து. அங்கே ஐஸ் பெட்டி போதும், மேசைக்கு வந்த ஆள் கட்டாயம் ஏதோ ஒன்று குடிப்பார். 12 கடைக்குத் தலா 24 போத்தல், காசு கையில், நாலாம் நாள் போய் எண்ணுங்கள். கடனுக்குப் போட்டால் எது ஓடுகிறது என்றே தெரியாமல் போகும். இரண்டாம் தரம் தானாகக் கேட்கிற கடை ஐந்துக்குக் குறைந்தால் ருசியையோ விலையையோ திருத்துங்கள், கடை எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

மாமாங்கத் திருவிழா, திருக்கோவில் ஆடி அமாவாசை என்று யாராவது ஆசை காட்டுவார்கள். தாகசாந்திப் பந்தலில் சும்மா மோரும் சர்பத்தும் ஊற்றுகிற இடத்தில் 200 ரூபாப் போத்தலை யார் வாங்குவார்?

வாவிக்கரை:

நன்றி. கடைச் சரக்குக்கு காஸ் என்று முடிவு. ஆனால் அறுகம்பைக்காரர் கேட்கிறதே புளிக்க வைத்த ருசியைத்தான். அதையும் விட்டுவிடவா?

உல்லைக்கரை:

விட வேண்டாம், வேறு மாதிரிச் செய்யுங்கள். 60 லீட்டரில் 6 லீட்டரை மட்டும் லீட்டருக்கு 20 கிராம் சீனியோடு புளிக்க வையுங்கள். முழுவதும் தின்று முடித்தாலும் அதில் 1.3 வீதம்தான் வரும். 75 பாகையில் 10 நிமிஷம் சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, மீதி 54 லீட்டர் புளிக்காத பானத்தோடு கலந்தால் மொத்தத்தில் 0.13 வீதம். ருசி வந்துவிடும், போத்தலும் வெடிக்காது. தொடங்கும் முன் மதுவரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, ஆய்வுகூட அறிக்கை ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

இங்கே அறுகம்பைக்குப் போத்தலில் கொண்டுவராதீர்கள். வெறும் போத்தலைக் கல்லடிக்குத் திரும்ப ஏற்றுகிற கூலியே இலாபத்தைத் தின்னும். கெக்கில் கொண்டுவந்து நாலைந்து கபேயில் குழாய் வைத்தால் போதும். குழாயைக் கிழமைக்கு ஒருதரம் காரக் கழுவியால் கழுவுகிற பொறுப்பு உங்களுடையது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கபேப் பொடியன்கள் கழுவமாட்டார்கள், புளித்த மணம் வந்தால் பழி உங்கள் பானத்தில். ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு புதுக் கெக் இறக்க வேண்டாம். மழை தொடங்கினால் கரையில் ஆளில்லை, கெக் முழுசாகத்தான் திரும்பி வரும்.