உரோமானியப் பன்னிருமுகிகள் எதற்காகச் செய்யப்பட்டன?

கேள்வி:

வணக்கம். உரோமானியப் பேரரசின் வடமேற்கு மாகாணங்களில், குறிப்பாக இன்றைய பிரான்சு, ஜெர்மனி, பிரிட்டன் நிலப்பகுதிகளில், உள்ளீடற்ற வெண்கலப் பன்னிருமுகிகள் நூற்றுக்கும் மேல் கிடைத்துள்ளன. ஐங்கோண வடிவில் 12 முகங்கள், முகங்களின் நடுவே வெவ்வேறு அளவிலான வட்டத் துளைகள், 20 மூலைகளிலும் ஒவ்வொரு குமிழ் என்பதே இவற்றின் பொது அமைப்பு. 1739ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆஸ்டன் என்னும் ஊரில் கிடைத்ததே முதலில் பதிவானது. ஆனால் பண்டைய எழுத்துகளில் இப்பொருளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதன் மாதிரி ஒன்றைச் செய்து, குமிழ்களில் நூலைச் சுற்றிக் கையுறையின் விரல்களைப் பின்னிக் காட்டும் காணொளி ஒன்றை அண்மையில் பார்த்தேன். துளைகளின் அளவு மாறுவது விரல்களின் பருமன் மாறுவதால்தான் என்ற விளக்கமும், குளிர் மிகுந்த மாகாணங்களில் இவை கிடைப்பதற்கு அதுவே காரணம் என்பதும் எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டன. ஆய்வாளர்கள் இதை ஏற்கத் தயங்குவது ஏன்?

மறுமொழி 1:

பல ஆண்டுகளாகப் பின்னல் வேலை செய்பவள் என்ற முறையில் இதற்கு விடை சொல்ல விரும்புகிறேன். குமிழ்களைச் சுற்றிப் பின்னும்போது உருவாகும் குழாயின் அகலத்தை முடிவு செய்வது துளை அன்று. குமிழ்களின் எண்ணிக்கையும் அவற்றுக்கு இடையிலுள்ள தொலைவுமே ஆகும். பன்னிருமுகியின் எந்த முகத்தை எடுத்துக்கொண்டாலும் ஐந்து குமிழ்கள், ஒரே இடைவெளி. ஆகவே பெரிய துளையுள்ள முகத்தில் பின்னினாலும் சிறிய துளையுள்ள முகத்தில் பின்னினாலும் ஒரே பருமனுள்ள விரல்தான் கிடைக்கும். துளை என்பது பின்னிய துணி உள்ளே இறங்கிச் செல்லும் வழி மட்டுமே. அப்படியிருக்க, ஒரு வார்ப்புக் கலைஞர் இத்தனை உழைப்பைச் செலவிட்டுத் துளைகளை வெவ்வேறு அளவில் அமைக்க வேண்டிய தேவை என்ன? மரக்கட்டை ஒன்றில் ஐந்து முளைகளை அடித்துவிட்டாலே அந்த வேலை முடிந்துவிடும். தவிரவும், இம்முறையில் பின்னியதற்கான சான்றுகள் உரோமானியர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே கிடைக்கின்றன.

மறுமொழி 2:

மேலே உள்ள விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். ஒரு பொருளைக் கொண்டு ஒரு வேலையைச் செய்ய முடிகிறது என்பதும், அந்த வேலைக்காகவே அது செய்யப்பட்டது என்பதும் வேறுவேறு. 12 துளைகளும் 20 குமிழ்களும் உள்ள ஒரு பொருளைக் கையில் கொடுத்தால், மெழுகுவர்த்தித் தாங்கி, தொலைவு அளக்கும் கருவி, விதைப்பு நாளைக் கணிக்கும் கருவி என்று எதையும் செய்து காட்டிவிடலாம். இவை அனைத்தும் ஏற்கெனவே முன்வைக்கப்பட்டவைதாம். அளவீட்டுக் கருவி என்றால், ஊருக்கு ஊர் ஒரே அளவு இருந்திருக்க வேண்டும். இவையோ சுமார் 4 சென்டிமீட்டரிலிருந்து 11 சென்டிமீட்டர்வரை பலவகையாக இருக்கின்றன. துளைகளின் அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எண்களோ எழுத்துகளோ பொறிக்கப்படவுமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, கிரேக்கக் கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் எடுக்கப்பட்ட ஆன்டிகிதெரா கருவி என்னும் பண்டைய பற்சக்கரப் பொறியை எடுத்துக்கொள்ளலாம். அதன் பற்சக்கரம் ஒன்றில் 223 பற்கள் இருந்தன. கிரகணங்களின் வரிசை 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை மீள்கிறது. அந்த எண்ணும், கருவியிலேயே பொறிக்கப்பட்டிருந்த நுண்ணெழுத்துகளும் சேர்ந்து, கிரகணம் போன்ற வான்நிகழ்வுகளைக் கணிப்பதே அதன் நோக்கம் என்று சொல்லிவிட்டன. பன்னிருமுகியிடம் அப்படியொரு எண் நமக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறொன்று. இவற்றுள் பல, எந்த மண்ணடுக்கில், எந்தப் பொருள்களோடு கிடந்தன என்ற பதிவு இல்லாமலேயே சேகரிப்பாளர்களின் கைக்குப் போய்விட்டன. 2023இல் இங்கிலாந்தின் நார்ட்டன் டிஸ்னியில் தன்னார்வலர்கள் முறையாக அகழ்ந்து எடுத்த பன்னிருமுகியை நான் பெரிதாக மதிப்பது அதனால்தான். ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் உயரமுள்ள அது, ஒரு மூலைகூடச் சிதையாமல், தேய்மானமின்றிக் கிடைத்தது. அதன் உலோகத்தில் ஈயம் கணிசமாகக் கலந்திருக்கிறது. ஈயம் சேர்ந்த வெண்கலம் அச்சில் எளிதாகப் பாயும். நுட்பமான வடிவங்களை வார்க்க ஏற்றது. ஆனால் அடிபடும் வேலைக்கு உகந்ததன்று. நாள்தோறும் கையாண்ட கருவியாக அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுமொழி 3:

ஜெனீவாவில் 1982இல் கிடைத்த பன்னிருமுகியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஈயத்தால் ஆன அதன் மேல் வெள்ளித் தகடு போர்த்தப்பட்டு, 12 முகங்களிலும் 12 ராசிகளின் பெயர்கள் இலத்தீனில் எழுதப்பட்டுள்ளன. ஐந்து ஒழுங்குத் திண்ம வடிவங்களுள் ஐந்தாவதான பன்னிருமுகியைப் பிரபஞ்சத்தோடு இணைத்துப் பேசியவர் கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ. எனவே குறி பார்ப்பதற்கோ வழிபாட்டுக்கோ பயன்பட்டது என்பதே என் துணிபு.

மறுமொழி 2:

சுட்டியமைக்கு நன்றி. ஆனால் ஜெனீவாப் பொருள் துளையும் குமிழும் இல்லாத திண்மக் கட்டி என்பதால், வடிவம் ஒன்று என்பதற்காக அதன் பயனை வெண்கலப் பன்னிருமுகிகளின் மேல் ஏற்றுவது சரியாகாது. வழிபாட்டுக் கருத்துக்கு அதைவிட வலுவான துணை, ஜெர்மனியின் கெல்லெப்பில் ஒரு பெண்ணின் கல்லறையில் கோல் போன்ற எலும்புப் பொருளோடு சேர்ந்து கிடைத்த பன்னிருமுகிதான். பன்னிருமுகி சடங்குக் கோலின் உச்சியில் பொருத்தப்பட்டிருக்கலாம் என்று சிலர் கருதுவதற்கு அதுவே அடிப்படை.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. ஐந்து குமிழ்களின் இடைவெளி மாறுவதே இல்லை என்ற ஒரு செய்தியிலேயே கையுறைக் கருத்தைக் கைவிட்டுவிட்டேன். காணொளியை மீண்டும் பார்த்தபோது, பின்னப்பட்ட ஐந்து விரல்களும் ஒரே பருமனில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கோலின் உச்சியில் பொருத்தியிருந்தால், எதிரெதிரான இரண்டு துளைகளின் உள்விளிம்பிலாவது உராய்ந்த தடம் இருந்தாக வேண்டுமல்லவா? கெல்லெப் பன்னிருமுகியின் உள்விளிம்பை யாரேனும் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியிருந்தால், அதைப் படிக்க விரும்புகிறேன்.