கேலனை குவார்ட்டா மாத்த பெருக்கணுமா வகுக்கணுமா?

தொட்டிமீன்:
மீன் தொட்டிக்கு மருந்து விடணும். பாட்டில்ல அமெரிக்க குவார்ட்டுக்கு 2 சொட்டுன்னு போட்டிருக்கு, தொட்டி 7.5 கேலன், 4-ஆல பெருக்கணுமா வகுக்கணுமான்னு ஒவ்வொரு தடவையும் குழம்புது. அப்புறம் இன்னொரு சின்ன தொட்டிக்கு அளந்து ஊத்தினப்போ 22 குவார்ட் புடிச்சுது, அதை 5.2 கேலன்னு வச்சுக்கலாமா?

கணக்குப்புள்ள:
ப்ரோ, 1 கேலன் 4 குவார்ட். சின்ன அளவுல அளந்தா எண்ணிக்கை கூடத்தானே செய்யும், அப்போ பெருக்கல். 7.5 x 4 = 30 குவார்ட், 60 சொட்டு.
5.2 மட்டும் எழுதிடாதீங்க. 22-ல 4 அஞ்சு தடவை போகும், மீதி 2 நிக்கும், அந்த 2 குவார்ட் அரை கேலன், அதனால 5.5. மீதியை அப்படியே புள்ளிக்கு பின்னாடி ஒட்டுறது நிறைய பேர் பண்ற கூத்து, இங்க ஒரு லிட்டருக்கு மேல தண்ணி கணக்குல காணாம போயிடும்.

அரைப்படி:
முதல்ல தொட்டி எந்த ஊரு கேலன்னு பாருங்க. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. ரெண்டுலயும் கேலனுக்கு 4 குவார்ட்தான், ஆனா குவார்ட்டே வேற வேற, அமெரிக்க குவார்ட் 946 மில்லி, பிரிட்டிஷ் குவார்ட் 1137. உங்க 7.5 பிரிட்டிஷ் கேலனா இருந்தா அமெரிக்க குவார்ட்ல 36 வரும், 72 சொட்டு ஆயிடும். 1824-ல பிரிட்டிஷ்காரங்க 10 பவுண்டு தண்ணி புடிக்கிற மாதிரி கேலனை மாத்திட்டாங்க, அமெரிக்காக்காரங்க பழைய 231 கன இன்ச் ஒயின் கேலனையே விடல, அந்த வம்புதான் இன்னும் ஓடுது.

தொட்டிமீன்:
ஐயோ, எந்த கேலன்னு தொட்டியில போடவே இல்லையே சார்?

அரைப்படி:
அப்போ அதை நம்பவே வேணாம், டேப் எடுங்க. உள்பக்கம் நீளம், அகலம், தண்ணி நிக்கிற உயரம் மூணையும் இன்ச்ல அளந்து பெருக்கி 57.75-ஆல வகுங்க, நேரா அமெரிக்க குவார்ட்டே வந்துடும்.

தொட்டிமீன்:
22, 10, தண்ணி உயரம் 7. பெருக்கினா 1540, வகுத்தா 26.67. அப்போ 53 சொட்டா?

கணக்குப்புள்ள:
ஆமா. அடியில மணல் கல்லு கிடந்தா தண்ணி இன்னும் கம்மிதான், உயரத்தை கண்ணாடியோட அடியில இருந்து எடுத்தீங்களா மணலுக்கு மேல இருந்தான்னு ஒரு தடவை பாத்துட்டு விடுங்க.