கம்ப்யூட்டர்ல இருக்குற எஸ்எஸ்டி டிரைவ் போகப்போகுதா, சும்மா மந்தமா இருக்கா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சர்வீஸ்கடை:
"எஸ்எஸ்டி போயிருச்சு, புதுசு போட்ருங்க"ன்னு முடிவோடதான் நிறைய பேர் கடைக்கு வர்றாங்க. ஆன் பண்ணிப் பார்த்தா சி டிரைவ்ல 2 ஜிபிதான் மிச்சம் இருக்கும். காலி பிளாக் இல்லாத எஸ்எஸ்டி, இருக்குற டேட்டாவை நகர்த்தி, பழசை அழிச்சிட்டுத்தான் புதுசை எழுதணும். மந்தமாகாம என்ன செய்யும்? இடம் ஒதுக்கி, டிரிம் (எந்த இடமெல்லாம் இனி தேவையில்லன்னு டிரைவுக்குச் சொல்ற கட்டளை) ஓடவிட்டா அதுங்கள்ல பலது பழையபடி ஓடுது.

நான் முதல்ல திறக்குறது டாஸ்க் மேனேஜர். டிஸ்க் 100%னு காட்டுறதைப் பார்த்துப் பதறாதீங்க, கீழ வேகத்தைப் பாருங்க. 100%, கூடவே 400 எம்பி வேகம்னா அது உழைக்குது. 100%, ஆனா வேகம் சைபர், ரெஸ்பான்ஸ் டைம் மட்டும் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டுக்கு எகிறுதுன்னா, டிரைவ் பதிலே சொல்லாம உக்காந்திருக்குன்னு அர்த்தம். அப்ப ஈவென்ட் வியூவர்ல (விண்டோஸ் தன் பிரச்சினைகளைக் குறிச்சு வைக்கிற இடம்) சிஸ்டம் லாக் போங்க, ஈவென்ட் ஐடி எண்ணைப் பாருங்க. 129னா டிரைவை ரீசெட் பண்ணிருக்கு, 153னா படிக்கவோ எழுதவோ திரும்ப முயற்சி பண்ணிருக்கு. இது ரெண்டுக்கும் கேபிளோ டிரைவரோகூட காரணமா இருக்கலாம். டிஸ்க் பேர்ல 7 வந்தா பேட் பிளாக், அதாவது டிரைவ்ல படிக்க முடியாத இடம். அதுக்கு மேல ஆராய்ச்சி வேண்டாம், டேட்டாவை எடுங்க.

சமீபத்துல ஒரு காலேஜ் பையன் கொண்டுவந்தது இன்னும் மோசம். பயாஸ்ல டிரைவோட பிராண்ட் பேரே இல்ல, அந்த இடத்துல "சாட்டாஃபர்ம் எஸ்11"னு நிக்குது. உள்ள இருந்து டிரைவை நடத்துற சிப், அதான் கன்ட்ரோலர், தன்னோட ஃபர்ம்வேரை (அதுக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர்) ஏத்த முடியாம முடங்கினா இந்தப் பேர்தான் வரும். முந்தின நாள் வரைக்கும் எந்த மந்தமும் இல்லையாம். ஹார்ட் டிஸ்க் மாதிரி டக் டக்னு சத்தம் போட்டுட்டுப் போற சாதி இல்ல இது.

கல்யாண வீடியோ எடிட்டர்:
என்னோடது ரொம்ப சாதாரணக் கேஸ். 200 ஜிபி ஃபுட்டேஜ் காப்பி போட்டா ஆரம்பத்துல பறக்கும், பாதியில 80 எம்பிக்கு விழுந்துரும். வாங்கின கடையில டிரைவ் அவுட்னு சொல்லி வேற ஒண்ணை விக்கப் பார்த்தாங்க. அது கியூஎல்சி டிரைவ், ஒரு செல்லுல நாலு பிட் வைக்கிற வகை. முதல்ல வேகமான கேஷ்ல வாங்கி வச்சுக்கும், அது நிறைஞ்சதும் நிஜ வேகம் தெரியும். கொஞ்ச நேரம் சும்மா விட்டா கேஷ் காலியாகித் திரும்பப் பறக்கும். ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி நடந்தா அது டிரைவோட குணம், நோய் இல்ல.

பழைய டெஸ்க்டாப்:
2.5 இன்ச் சாட்டா (கேபிள்ல மாட்டுற வகை) எஸ்எஸ்டி வச்சிருக்கவங்க, டிரைவ் நிலவரம் காட்டுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர்ல சி7 வரியைப் பாருங்க. சிஆர்சி எரர், அதாவது டேட்டா போற வழியில கெட்ட கணக்கு. ஒரு தடவை ஏறின எண் இறங்காது, அதனால பழைய கணக்கை விடுங்க, இப்ப ஏறுதான்னு பாருங்க. எனக்கு ஏறிட்டே இருந்துச்சு. சாட்டா கேபிளை மாத்தினேன், நின்னுருச்சு.

சர்வர்ரூம்:
ஹெல்த் 98%னு பார்த்துட்டு நிம்மதியாத் தூங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். என்விஎம்இல (பெரும்பாலும் போர்டுல நேரா சொருகுற வேகமான எஸ்எஸ்டி) அது தேய்மானக் கணக்கு மட்டும்தான், 100ல இருந்து "பர்சன்டேஜ் யூஸ்டு"வைக் கழிச்சா வர்ற எண். மீடியா எரர் (டேட்டா கெட்டுப்போன கணக்கு) ஏறுதா, அவைலபிள் ஸ்பேர் (மாற்றா வச்சிருக்குற மிச்ச இடம்) இறங்குதாங்கிறதுதான் முக்கியம். எரர் லாக் என்ட்ரி ஏறுனா மட்டும் பயப்பட வேண்டாம், பல டிரைவ்ல அது சும்மாவே ஏறும்.

தேயாமலும் சாகும். 2019ல சர்வர் விக்கிற எச்பிஇ நிறுவனமே அறிவிச்சது: அவங்களோட சில எஸ்ஏஎஸ் (சர்வர்ல மாட்டுற வகை) எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம், அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம் ஓடினதும் மொத்தமா செத்துரும், ஃபர்ம்வேரை மாத்துங்கன்னு. ஒரே நாள்ல மாட்டின டிரைவ் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல போகும், ஒண்ணு போனாலும் டேட்டா தப்பிக்கப் பல டிரைவைச் சேர்த்து வைக்கிற ரெய்டு இருந்தும் பிரயோஜனம் இல்ல. சாம்சங் 840 ஈவோ இதுக்கு நேர் எதிர். 2014ல பழைய ஃபைல்களைப் படிக்கிறப்ப மட்டும் ஆமை வேகம். செல்லுல வோல்டேஜ் நகர்ந்ததுதான் காரணம், டிரைவ் நல்லாத்தான் இருந்துச்சு. ஃபர்ம்வேர் விட்டும் பிரச்சினை திரும்பி வந்து, 2015ல இன்னொண்ணு விட வேண்டியதாச்சு.

உபுண்டு ஆள்:
லினக்ஸ்ல நல்ல என்விஎம்இகூட சில லேப்டாப்ல பவர் சேவிங்கால உறைஞ்சு நிக்கும். டிமெசேஜ்ல (லினக்ஸ் கெர்னல் லாக்) டைம்அவுட் வந்தா உடனே டிரைவைத் தூக்கிப் போடாதீங்க, ஏபிஎஸ்டிய (டிரைவைத் தானா தூங்க வைக்கிற அந்தப் பவர் சேவிங்) நிறுத்திப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

புதுவரவு:
சர்வீஸ்கடை அண்ணே, எனக்கு ஈவென்ட் வியூவர்ல அந்த 7 வந்திருக்கு. செக்டிஸ்க் (விண்டோஸோட டிஸ்க் சோதனை) போட்டுப் பார்க்கட்டுமா?

சர்வீஸ்கடை:
வேண்டாம் தம்பி. பேட் பிளாக் தேட /r போட்டு ஓட்டினா, டிஸ்க் முழுக்கப் படிக்க வச்சு அதைப் பாடாப் படுத்தும், இருக்குற உயிரும் போயிரலாம். முதல்ல போட்டோ, டாக்குமென்ட்டை வெளி டிரைவுக்கு எடு. ஏதாவது ஃபைல்ல மாட்டிக்கிட்டு நின்னா அதை ஸ்கிப் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போ, கடைசியா அதுக்கு வா. எல்லாம் எடுத்தப்புறம் பில்லைத் தேடு, வாரண்டி இருக்கான்னு பார்ப்போம்.