பூட் ஆகி அரை நிமிடத்தில் யூஎஸ்பி வீபஸ் அணைந்துவிடுகிறது

கேள்வி:
ஐ.எம்.எக்ஸ்6யூஎல்எல் பிராசஸர் உள்ள போர்டு, லினக்ஸ் 6.1. யூஎஸ்பி போர்ட்டில் 4ஜி மோடம். வீபஸ் (யூஎஸ்பி கருவிக்குக் கரன்ட் தரும் லைன்) 5 வோல்ட் ஒரு டிபிஎஸ்2051பி பவர் ஸ்விட்ச் வழியாகப் போகிறது. அதை ஆன் செய்யும் எனேபிள் பின் ஜிபிஐஓவில் (மென்பொருள் ஹை, லோ ஆக்கக்கூடிய பின்). கெர்னலுக்கு முன் ஓடும் பூட்லோடரான யூ-பூட்டிலேயே பின்னை ஹை ஆக்கிவிடுகிறேன். டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) இந்த ஸ்விட்சுக்கு ரெகுலேட்டர்-ஃபிக்ஸ்டு நோடு எழுதி, ரெகுலேட்டர்-பூட்-ஆன் கொடுத்திருக்கிறேன். மோடம் தெரிகிறது, அரை நிமிடத்தில் போய்விடுகிறது. மீட்டரில் வீபஸ் பூஜ்யம். லாக்கில் "டிஸேபிளிங்" என்று ஒரு வரி. யார் அணைப்பது?

பதில் 1:
கெர்னலேதான். எந்த டிரைவரும் கேட்டு வாங்காத ரெகுலேட்டரை, பூட்டின் கடைசிக் கட்டத்திலிருந்து 30 விநாடி கழித்து ரெகுலேட்டர் கோர் (கெர்னலில் மின் சப்ளைகளைக் கவனிக்கும் பகுதி) அணைத்துவிடும். பூட்-ஆன் என்றால் "வரும்போதே ஆனில் இருக்கிறது" என்று மட்டுமே பொருள், யூஸ் கவுன்ட்டை (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) ஏற்றாது. டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்புகள்) ரெகுலேட்டர்_சம்மரியைப் பாருங்கள்: யூஸ் 0, அடியில் கன்ஸ்யூமர், அதாவது பயன்படுத்தும் டிரைவரின் பெயரே இருக்காது.

யூஎஸ்பி கன்ட்ரோலர் நோடில் வீபஸ்-சப்ளை என்று இந்த ரெகுலேட்டரைக் கோர்த்துவிடுங்கள். போர்ட் பவர் போடும்போது அந்தக் கன்ட்ரோலரின் சிப்ஐடியா டிரைவரே எனேபிள் செய்துகொள்ளும்.

பதில் 2:
ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன் போட்டாலும் அறிகுறி மறையும், ஆனால் தயவுசெய்து போடாதீர்கள். மோடம் உறைந்துபோனால் கரன்ட்டை வெட்ட வழியே இருக்காது.

எனேபிள்-ஆக்டிவ்-ஹை வரியையும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் ஜிபிஐஓ ஃபிளாகில் ஆக்டிவ் ஹை (பின் ஹை என்றால் ஆன்) என்று எழுதியிருந்தாலும் கெர்னல் ஆக்டிவ் லோ (லோ என்றால் ஆன்) என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் 2051 ஹையில் ஆன் ஆகும். அதே குடும்பத்து 2041 லோவில் ஆன் ஆகும். ஸ்விட்சின் ஓவர்கரன்ட் பின் (கரன்ட் மிஞ்சினால் சொல்லும் பின்) ஓப்பன் டிரெயின், அதாவது லோவுக்கு மட்டுமே இழுக்கும், ஹையில் நிறுத்த புல்-அப் ரெசிஸ்டர் வேண்டும். அந்தப் பின் பிராசஸருக்கு வந்திருந்தால் யூஎஸ்பி கன்ட்ரோலர் நோடில் ஓவர்-கரன்ட்-ஆக்டிவ்-லோ கொடுங்கள்.

கேட்டவர்:
வீபஸ்-சப்ளை சேர்த்ததும் வீபஸ் அணையாமல் இருக்கிறது, நன்றி. ஆனால் வீபஸை 200 மில்லிவிநாடி அணைத்துப் போட்டால் மோடம் ரீசெட் ஆவதில்லை.

பதில் 1:
வீபஸ் கெப்பாசிட்டர் காலியாகவில்லை. ஹோஸ்ட் போர்ட்டில் குறைந்தது 120 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். அணைத்தபின் மிஞ்சும் லோடு 10 கிலோஓம் என்று வையுங்கள்: 5 வோல்ட் 0.8க்கு இறங்க 2.2 விநாடி. வீபஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 கிலோஓம் போட்டால் 0.2 விநாடி, ஆனால் ஆனில் இருக்கும்போது அது 5 மில்லிஆம்பியர் தின்னும். அப்போதும் 500 மில்லிவிநாடியாவது அணைத்து வையுங்கள். ஸ்கோப்பை மோடத்தின் பக்கம் வைத்துப் பாருங்கள், ஜிபிஐஓ பின்னில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.