புது பலேனோவுக்கு மட் ஃப்ளாப் போடலாமா வேண்டாமா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க

தோப்புக்காரன்_உடுமலை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன வாரம்தான் பலேனோ டெலிவரி எடுத்தோம், வெள்ளைக் கலர். ஆக்சஸரீஸ் லிஸ்ட்ல மேட், சீட் கவர் எல்லாம் சொல்லியாச்சு, மட் ஃப்ளாப் (டயருக்குப் பின்னாடி தொங்குற சேத்துத் தடுப்பு) மட்டும் முடிவு பண்ணாம நிக்குது. ஷோரூம்ல நாலு வீலுக்கும் சேர்த்து ஃபிட்டிங்கோட 850 ரூபா கேக்கறாங்க. காசு பெரிய விஷயமில்லீங்க, போடறதா வேண்டாமாங்கறதுதான் குழப்பம். சேல்ஸ் தம்பி என்னடான்னா போடாம விட்டா மழைக்காலத்துல அடிப்பக்க பெயின்ட்டே போயிரும்ங்கறாரு, பக்கத்து வீட்டு அண்ணன் ரொம்ப வருஷமா கார் வெச்சிருக்கறவரு, அவரு போடவே போடாத, ஸ்பீட் பிரேக்கர்ல உரசும், உள்ள மண்ணு தேங்கி துருப் புடிக்கும்ங்கறாரு. ரெண்டு பேரும் அடிச்சுச் சொல்றாங்க.

எங்க ஓட்டம் எப்படின்னா தெனமும் உடுமலையில இருந்து பொள்ளாச்சி, அது நல்ல ரோடு. ஆனா அடிக்கடி தோப்புக்குப் போகோணும், மெயின் ரோட்ட விட்டு எறங்குனா செம்மண் தடம், பாதி தூரம் சரளை கொட்டி வெச்சிருக்காங்க, ஐப்பசி கார்த்திகையில அத்தனையும் சேறு. பலேனோவோட கிரவுண்ட் கிளியரன்ஸ், அதான் தரைக்கும் வண்டி அடிப்பக்கத்துக்கும் இருக்கற இடைவெளி, 170 மில்லிமீட்டர்தான், அதனாலதான் உரசும்னு சொன்னதும் பயமா இருக்கு. முன்னாடி ரெண்டு மட்டும் போட்டா போதுமா? பாடியில ட்ரில் போடுவாங்களா? மைலேஜ் கொறையுமா? பின் கண்ணாடியில புழுதி அப்பறது இதனால நிக்குமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

பெயின்ட்_பூத்_ஈரோடு:

போடுங்க சார். நான் டிங்கரிங் பெயின்டிங் பட்டறை வெச்சிருக்கேன், இத தெனமும் பாக்கறவன்ங்கற முறையில சொல்றேன்.

சேறு பெயின்ட்ட ஒண்ணும் பண்ணாது, தண்ணி அடிச்சா போயிரும். பெயின்ட்டுக்கு எமன் கல்லுதான். நீங்க சரளைத் தடம்னு சொன்னீங்கல்ல, அந்தக் குட்டிக் கல்லு டயர் பட்டன் இடுக்குல சிக்கிக்கிட்டு வரும், மெயின் ரோடு ஏறி ஸ்பீடு எடுத்ததும் பின்பக்கமா தெறிக்கும், தெறிச்சு நேரா எங்க போயி அடிக்கும்னா முன் டயருக்குப் பின்னாடி கதவுக்கு அடியில நீளமா ஓடற தகரத்துலயும் (நாங்க ரன்னிங் போர்டும்போம்) முன் கதவோட அடி ஓரத்துலயும். தோப்புத் தடத்துல மெதுவாத்தான போறோம்னு நெனப்பீங்க, ஆனா அங்க ஏறுன கல்லு மெயின் ரோட்டுலதான் வேலைய காட்டும்.

கம்பெனி பெயின்ட் மொத்த கனமும் சுமாரா 100-ல இருந்து 140 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் சேந்தாத்தான் ஒரு மில்லிமீட்டர்), அதுக்குள்ளயே அடிப்பூச்சு பிரைமர், கலர், மேல பளபளப்புக்கு அடிக்கற கிளியர் கோட் எல்லாம் அடக்கம். ஒரு கல்லு மேலாக்க பட்டா கிளியர் மட்டும் போவும், கூர்மையான கல்லு நல்லா அடிச்சா தகரம் வரைக்கும் போயிரும். வெள்ளை வண்டியில அது உடனே கண்ணுக்குத் தெரியாது, அதான் ஆபத்து. ஒரு மழை சீசன் கழிச்சுப் பாத்தா ரன்னிங் போர்டுல டீ கறை மாதிரி கடுகு சைஸுல பழுப்புப் புள்ளி புள்ளியா நிக்கும், அப்பதான் எங்கிட்ட வருவாங்க. வெரல வெச்சு தடவிப் பாத்தா நறநறன்னு இருக்கும். அத டச்சப் பண்ணி மூடலாம், ஆனா கதவடி, ரன்னிங் போர்டுன்னு தேய்ச்சு பிரைமர் அடிச்சு திரும்ப கலர் போடறதுன்னா நீங்க சொன்ன 850 எந்த மூலைக்கு? அதுவும் கம்பெனி பெயின்ட் கணக்கா உழைக்காது, பட்டறைக்காரன் நானே சொல்றேன்.

ஆக முன்னாடி ரெண்டும் கட்டாயம். பின்னாடி டயருக்குப் பின்னால உங்க வண்டியில பிளாஸ்டிக் பம்பர்தான், அது துருப் புடிக்காது, அதனால உங்க பெயின்ட்ட மட்டும் பாத்தா பின்னாடி போடறது உங்க இஷ்டம்.

கரிசக்காட்டு_டிரைவர்:

ஈரோட்டு அண்ணாச்சி சொன்னது செம்மண்ணுக்கும் சரளைக்கும் ரொம்பச் சரி. ஆனா இத படிச்சுட்டு எங்க ஊரு ஆளுக யாரும் அப்படியே நாலையும் மாட்டிராதீங்க. நான் கோவில்பட்டி பக்கம், விளாத்திகுளம் எட்டயபுரம்னு கரிசக்காட்டுக்குள்ளதான் ஓட்டம்.

கரிசல் மண்ணு மழை பெஞ்சுட்டா செம்மண் மாதிரி தண்ணியா தெறிச்சு ஓடாது, டயர்லயே அப்பிக்கிட்டு சுத்தும். சுத்துற மண்ணு ஃப்ளாப்ல வந்து மோதி அங்கயே நின்னுக்கிடும், அதுக்கு மேல இன்னும் கொஞ்சம், அதுக்கு மேல இன்னும் கொஞ்சம், கொஞ்ச தூரத்துல டயருக்கும் அதுக்கு மேல உள்பக்கமா மூடியிருக்கற பிளாஸ்டிக் லைனருக்கும் நடுவுல கட்டியா எறுகிப்போயி வீலே சுத்த முடியாம வண்டி முக்கும். அப்ப எறங்கி குச்சிய வெச்சுத்தான் தோண்டணும். அதனால நாங்க பொரட்டாசி கடைசியில முன் ஃப்ளாப்ப கழட்டி வச்சுருவோம், தை பொறந்து காடு காஞ்சப்புறம் மாட்டுவோம். ஸ்க்ரூதான, கழட்டுறதுக்கு ரொம்ப நேரம் ஆவாது.

உங்க பக்கத்து வீட்டு அண்ணன் துருன்னு சொன்னதும் சும்மா இல்ல. ஃப்ளாப்புக்கும் பாடி விளிம்புக்கும் இடையில ஈர மண்ணு போயி உக்காந்துக்கிட்டா வெளிய வெயிலடிச்சாலும் உள்ள காயாது. வாட்டர் சர்வீஸ் விடும்போது பையங்க வெளிப்பக்கமா மட்டும் அடிச்சுட்டு முடிஞ்சுதும்பாங்க, பக்கத்துல நின்னு ஸ்டியரிங்க ஒரு பக்கமா ஃபுல்லா ஒடிக்கச் சொல்லி ஃப்ளாப்புக்குப் பின்னால, மேல இருந்து கீழ தண்ணி எறங்குற மாதிரி அடிக்கச் சொல்லுங்க. மண்ணு கரைஞ்சு வர்றது நின்னு தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் விடாதீங்க.

ஜிபி_ரோடு_ஃபிட்டர்:

ஜி, போடறதா வேணாமாங்கறத விட எத போடறீங்க எப்படி போடறீங்கங்கறதுதான் மேட்டரு. நான் சென்னையில ஆக்சஸரீஸ் ஃபிட்டிங்தான் பண்றேன்.

ரெண்டு டைப் இருக்கு. ஒண்ணு உங்க மாடலுக்குன்னே வர்ற மோல்டட் பிளாஸ்டிக், ஃபெண்டர், அதான் டயருக்கு மேல இருக்கற பாடி, அந்த வளைவுக்கு அப்படியே உக்காரும். இன்னொண்ணு எல்லா வண்டிக்கும் பொதுவா வர்ற ரப்பர் ஷீட்டு, ஓரத்துல வெட்டி அட்ஜஸ்ட் பண்றது. கடையில விலை கம்மியா இருக்கேன்னு ரப்பர எடுத்தீங்கன்னா அத நிக்க வைக்கிறதுக்கு ஃபெண்டர் விளிம்புத் தகரத்துல ஓட்ட போட்டு செல்ஃப் ஸ்க்ரூ ஏத்துவாங்க, அந்த ஓட்டதான் பின்னாடி துருவுக்கு ஆரம்பம். புது வண்டியில தகரத்துல யாரையும் ட்ரில் போட விடாதீங்க, நாளைக்கு அந்த எடத்துல துருன்னு வாரண்டி கேட்டா நீங்க வெளிய ஓட்ட போட்டீங்கன்னு கைய விரிச்சுருவாங்க.

மோல்டட்ல முன்னாடி ரெண்டுக்கும் பொதுவா ஏற்கனவே வீல் லைனரப் புடிச்சிருக்கற ஸ்க்ரூவ கழட்டி அதே ஓட்டையில ஃப்ளாப்பையும் சேர்த்து முடுக்கறதுதான். பின்னாடி சில வண்டியில பம்பர் ஸ்க்ரூவே போதும், சில வண்டியில பிளாஸ்டிக் லைனர்ல ஒரு ஓட்ட போட வேண்டி வரும், பிளாஸ்டிக்னா கவலையில்ல. ஷோரூம்ல மாட்டும்போது பக்கத்துலயே நின்னு பாருங்க, எடுக்கறது ஸ்க்ரூ டிரைவரா ட்ரில்லான்னு. ட்ரில் எடுத்தா எங்க போடறீங்கன்னு தொட்டுக் காட்டச் சொல்லுங்க.

இன்னொண்ணு, மாட்டறதுக்கு முன்னாடி அந்த விளிம்ப துணியால நல்லா துடைச்சு மண்ணில்லாம பண்ணணும். நடுவுல மண்ணோட முடுக்கிட்டா வண்டி ஆட ஆட ஃப்ளாப் ஓரம் பெயின்ட்ட தேய்ச்சுக்கிட்டே இருக்கும். பிளாஸ்டிக் பெயின்ட்ல படற எடத்துல டிரான்ஸ்பரன்ட் ஃபிலிம் சின்னதா வெட்டி ஒட்டிட்டு மாட்டுங்க, நாங்க கேட்டா ஒட்டிக் கொடுப்போம், கேக்கலன்னா நெறய கடையில ஒட்ட மாட்டாங்க.

ஸ்பீட் பிரேக்கர் பயத்த விடுங்க. ஃப்ளாப் டயரை ஒட்டி தொங்குது, டயர் மேட்டுல ஏறும்போது அதுவும் கூடவே மேல ஏறிரும். நல்லா நீளமா தொங்கற ரப்பர்தான் எறங்கும்போது உரசும், அதுவும் வளைஞ்சு குடுத்துரும். நெசமா பிய்யறது ரிவர்ஸ்லதான். ரிவர்ஸ் எடுக்கும்போது டயருக்கு முன்ன ஃப்ளாப்தான் போய் பார்க்கிங் கல்லுல முட்டும், டயர் அத கல்லோட சேத்து அமுக்கிக்கும், அப்புறம் முன்னாடி எடுத்தா கிளிப்போட லைனரையும் சேத்து இழுத்துக்கிட்டு வந்துரும். கல்லு வெச்ச பார்க்கிங்ல டயர் இடிக்கிற வரைக்கும் போகாம கொஞ்சம் முன்னாடியே நிறுத்தப் பழகிட்டீங்கன்னா போதும்.

தோப்புக்காரன்_உடுமலை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், இத்தனை விவரமா சொல்லுவீங்கன்னு நெனக்கல. எங்களுது முழுக்க செம்மண்ணும் சரளையும்தான், கரிசல் இல்லீங்க. முன்னாடி ரெண்டும் போடறதுன்னு முடிவாயிருச்சு. மைலேஜும் பின் கண்ணாடி புழுதியும் யாரும் சொல்லலீங்களே?

ஆட்டோ_எஞ்சினியர்:

மைலேஜ் பத்தி யோசிக்கவே வேண்டாம். வீலுக்குப் பின்னாடி ஒரு தகடு நின்னா காத்துத் தடை கொஞ்சம் கூடத்தான் செய்யும், அது இல்லைன்னு சொல்லல, ஆனா உடுமலை பொள்ளாச்சி ஓட்டத்துல அத உங்க பெட்ரோல் கணக்குல கண்டுபுடிக்கவே முடியாது, டயர்ல காத்து கொறைஞ்சா அதவிட அதிகமா குடிக்கும்.

பின் கண்ணாடி புழுதி மட் ஃப்ளாப்பால நிக்காது. ஹேட்ச்பேக் வண்டி பின்னாடி நேரா வெட்டுன மாதிரி முடியுதுல்ல, ஓடும்போது அங்க காத்தழுத்தம் கொறைஞ்சு காத்து சுழிச்சுக்கிட்டு திரும்ப வண்டியப் பாத்தே வரும், கீழ டயர் கிளப்புற புழுதியையும் ஈரத்தையும் அதுதான் மேல தூக்கிட்டுப் போயி கண்ணாடியில அப்புது. அதுக்காகத்தான் ஹேட்ச்பேக்குக்கும் எஸ்யூவிக்கும் பின்னாடி வைப்பர் குடுக்கறாங்க. பின் ஃப்ளாப் போட்டா பம்பரோட கீழ்ப்பகுதி கொஞ்சம் சுத்தமா இருக்கும், அவ்வளவுதான் எதிர்பாக்கலாம்.

கேக்காத ஒண்ணு சொல்றேன், நெறய பேரு இதுல ஏமாந்துடறாங்க. பல வண்டியில முன் டயருக்கு முன்னாடி, பம்பருக்கு அடியில கறுப்பா ஒரு சின்ன பட்டை தொங்கும். அது மட் ஃப்ளாப் இல்ல, காத்த டயர்ல நேரா மோத விடாம திருப்பி விடறதுக்கு கம்பெனியே வெச்சது. கீழ உரசுதுன்னு அத பிச்சுப் போட்டுட்டு பின்னாடி பெரிய ஃப்ளாப் மாட்டறவங்கள பாத்திருக்கேன். அது உரசுனாலும் வளையறதுக்குத்தான் ரப்பர்ல பண்ணிருக்காங்க, அப்படியே விட்டுருங்க.

டூவீலர்_பழனி:

நான் பைக்காரன். பின்னாடி போடறது இஷ்டம்னு மேல ஒருத்தர் சொல்லிருக்காரு, அதுக்காகத்தான் எழுதறேன். மழையில கார் பின்னாடி பைக்ல வந்து பாருங்க, பின் டயர்ல இருந்து வர்ற சேத்துத் தண்ணி பூரா ஹெல்மெட் கண்ணாடியில வந்து வுழும், துடைச்சா இன்னும் அப்பிக்கும், அந்த ரெண்டு மூணு செகண்டு ரோடே தெரியாது. கண்ணாடியத் தூக்கிட்டு ஓட்டுனா கல்லு கண்ணுல அடிக்கும். கல்லும் அப்படித்தான், உங்க பம்பருக்கு ஒண்ணும் ஆகாது, பின்னாடி வர்ற காரோட முன் கண்ணாடியில விரிசல் வுழும், பைக்காரன் முட்டியில அடிச்சா அன்னைக்கு பூரா வலிக்கும். உங்க தடத்துல இருந்து சரளையோட மெயின் ரோடு ஏறுறீங்க, பின்னாடி வர்றவனுக்கு உங்க டயர்ல கல்லு இருக்கறது எப்படித் தெரியும்? பின்னாடியும் போடுங்க அண்ணா, தயவு பண்ணி போடுங்க. நாம கொஞ்சம் தள்ளி வரலாம்தான், ஆனா டிராஃபிக்ல எப்பவும் அந்த எடம் கெடைக்காது.

பெயின்ட்_பூத்_ஈரோடு:

பழனித் தம்பி சொல்றது நெசம். நான் பெயின்ட்ட மட்டும் வெச்சுச் சொன்னேன், மனுசன வெச்சுப் பாத்தா நாலும் போடறதுதான் மொறை.

தோப்புக்காரன்_உடுமலை:

நாலுமே போட்டர்றேனுங்க. இன்னைக்கு ஷோரூம்ல போன் பண்ணிக் கேட்டேன், முன்னாடி இருக்கற ஸ்க்ரூவிலயே நின்னுக்கும், பின்னாடி ஒவ்வொரு பக்கமும் ஒரு ஓட்டை போடோணும்ங்கறாங்க. பிளாஸ்டிக்லயா தகரத்துலயான்னு கேட்டா போன்ல அவங்களுக்கே சரியா சொல்லத் தெரியல. சனிக்கிழமை வண்டியக் கொண்டுட்டு போறேன். தகரம்னா என்ன பண்றதுங்க?

ஜிபி_ரோடு_ஃபிட்டர்:

தகரம்னா பின்னாடி அந்த ஒரு ஸ்க்ரூவ விட்டுட்டு மத்த பாயின்ட்ல மட்டும் நிக்குதான்னு அசைச்சுப் பாக்கச் சொல்லுங்க, பெரும்பாலும் பம்பர் ஸ்க்ரூ ஒண்ணும் லைனர் கிளிப் ஒண்ணும் இருந்தா போதும். கட்டாயம் தகரத்துல போட்டே ஆகணும்னா ஓட்ட போட்டதும் ஓரத்துல பிசிறு தேய்ச்சு துருப் புடிக்காம இருக்க ஜிங்க் பிரைமர் தடவி, காஞ்சப்புறம் ஸ்க்ரூ ஏத்தணும், அதுக்கு அவங்க ஒத்துக்கலன்னா பின்னாடி மட்டும் நிறுத்திட்டு வெளிய நல்ல ஃபிட்டர் கிட்ட காட்டுங்க.

மாட்டி முடிச்சதும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு, முன் ஃப்ளாப் டயர்ல படுதான்னு குனிஞ்சு பாருங்க, ஒரு வெரல் நுழையற இடைவெளியாவது இருக்கணும். அப்புறம் பின் சீட்ல மூணு பேர உக்கார வெச்சு பின்பக்கம் எறங்குனப்புறம் அதே மாதிரி பின்னாடியும் பாருங்க, அங்கயே நாலு ஸ்பீட் பிரேக்கர் ஏத்தி எறக்கிட்டு ஸ்க்ரூவ இன்னொரு தடவை முடுக்கச் சொல்லிட்டு கெளம்புங்க.