கெஸ்ஸி ஏன் எல்லாரையும் பக்கவாட்டிலேயே வரைந்தார்?

சத்துவாச்சாரி பென்சில்:
கல்யாண மண்டபங்களில் விருந்தாளிகளுக்கு அஞ்சு நிமிஷத்தில் கேலிச்சித்திரம் போட்டுக் கொடுப்பது என் வேலை. பெரிய தலை, குச்சி உடம்பு, எல்லாருக்கும் அதேதான். போன வாரம் காட்பாடியில் ஒரு ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் தாய்மாமா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு "யாருப்பா இது?" என்றார். அவரைத்தான் வரைந்திருந்தேன்! அந்த வெட்கத்தில் பழைய கேலிச்சித்திரக்காரர்களைத் தேடியபோது ரோம் நகரத்து பியெர் லியோனே கெஸ்ஸி கிடைத்தார். பேனா மசியில் கோடு கோடாக இழுத்த படங்கள், பெரும்பாலும் பக்கவாட்டு முகம். நேர்முகம் வராதா அவருக்கு?

ராணிப்பேட்டை டிராயிங் சார்:
வராமல் என்ன தம்பி. அவர் (1674–1755) முறையான உருவப்பட ஓவியர், அப்பா ஜுசெப்பேவும் ஓவியர்தான். போப்பின் அரண்மனைக்கே வேலை பார்த்தவர், லாத்தரன் பேராலயத்துக்கு மீகா தீர்க்கதரிசியை வரைந்து கொடுத்தவர். நேராகப் பார்த்தால் மூக்கை நிழல் வைத்துத்தான் காட்ட முடியும். பக்கத்திலிருந்து பார்த்தால் நெற்றி, மூக்கு, உதடு, தாடை எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிடும், அதில் எது துருத்துகிறதோ அதை மட்டும் கொஞ்சம் இழுத்தால் போதும். பழைய விக்டோரியா காசை எடுத்துப் பாருங்கள், புரியும்.

குடியாத்தம் வாசகன்:
அவர் வரைந்த விவால்டியைப் பார்த்தீர்களா? இசையமைப்பாளர் விவால்டியேதான். கொக்கி மூக்கு ஒன்றே ஆளைச் சொல்லிவிடும். கீழே "செம்முடிப் பாதிரி, 1723-இல் காப்ரானிகா அரங்கில் ஓபரா போட்டவர்" என்கிற மாதிரி அவரே குறிப்பும் எழுதியிருக்கிறார். எனக்குப் படத்தைவிட அந்தக் குறிப்புதான் பிடிக்கும், ஊர் வம்பை டைரியில் எழுதி வைத்த மாதிரி இருக்கும். கேலிச்சித்திரத்தையே கண்டுபிடித்தவர் இவர்தானே?

ராணிப்பேட்டை டிராயிங் சார்:
இல்லை. அவருக்கு நூறு வருஷம் முன்பே இத்தாலியின் பொலோன்யாவில் ஓவியர் அன்னிபாலே கராச்சி செய்தது அது, அப்புறம் சிற்பி பெர்னினியும் கர்தினால்களை விடவில்லை. 'காரிகாரே' என்றால் இத்தாலியனில் சுமை ஏற்றுவது, கேரிகேச்சர் என்ற சொல்லே அங்கிருந்துதான் வந்தது. அவர்களுக்கு அது ஓய்வுநேர விளையாட்டு. கெஸ்ஸி ஆயிரத்துக்கும் மேல் போட்டுத் தள்ளினார், ரோமுக்குச் சுற்றுலா வந்த ஆங்கிலேயப் பிரபுக்கள் உட்பட. லண்டனில் ஆர்தர் பாண்ட் அவற்றில் சிலதை அச்சடித்தும் விற்றார். நீங்கள் தலையில் மட்டும் சுமை ஏற்றுகிறீர்கள் தம்பி. அவர் படத்தில் ஆள் எப்படி நிற்கிறான், தொப்பையை எப்படித் தாங்குகிறான் என்பதும் தெரியும்.

சத்துவாச்சாரி பென்சில்:
நேற்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ மாஸ்டரைப் பக்கவாட்டில் போட்டுப் பார்த்தேன் சார். ஆற்றும்போது கீழுதடு தானாக நீளுகிறது அவருக்கு, அதை மட்டும் இழுத்தேன். கடைப்பையன் தூரத்திலிருந்தே "மாஸ்டர்!" என்று கத்திவிட்டான். ஆனால் மண்டபத்தில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிற மாதிரி என்னையே முறைக்கிறார்களே, திரும்பி உட்காருங்கள் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

குடியாத்தம் வாசகன்:
நாற்காலியைப் பந்தி பக்கம் பார்த்துப் போடுங்கள், அவர்களே திரும்பிக்கொள்வார்கள்.