சாயத் தண்ணியில் காசு எங்கே மிச்சமாகிறது? திருப்பூர் அனுபவங்கள்

நொய்யல்கரை:
ஜீரோ டிஸ்சார்ஜ் (சாயக் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது) என்றாலே தண்டச் செலவு என்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2011 ஜனவரியில் கழிவுநீர் மாசுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்தச் செலவையும் தாமதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சுத்திகரிப்பின் மதிப்பு புரியும்.

ஆனால் மிச்சம் சுத்திகரிப்பு பிளான்ட்டில் தொடங்குவதில்லை, சாய மெஷினில் தொடங்குகிறது. 500 கிலோ துணியை 1:10 விகிதத்தில் (கிலோவுக்கு 10 லிட்டர்) ஓட்டினால் 5,000 லிட்டர் தண்ணீர். சாயம் துணியில் ஏற லிட்டருக்கு 60 கிராம் வீதம் 300 கிலோ உப்பு. 1:6-ல் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் அதே துணிக்கு 3,000 லிட்டர், 180 கிலோ போதும். பேட்சுக்கு 120 கிலோ குறைகிறது. அதை வாங்கும் காசும் மிச்சம், பிறகு பிரித்தெடுக்கும் நீராவியும் மிச்சம்.

சாய உப்பாகச் சோடியம் சல்பேட் போடும் பட்டறையில் சாதா உப்பு (சோடியம் குளோரைடு) எந்த வழியிலும் நுழையக் கூடாது. பலர் கோட்டை விடுவது இரண்டு இடத்தில்: சாஃப்ட்னரை (தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் கருவி) உப்பு விட்டுப் புதுப்பிக்கும் ரீஜெனரேஷன் தண்ணீர், காரத்தை நியூட்ரலைஸ் பண்ண ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் குளோரைடை ஏற்றும். கடைசியில் கிடைப்பது கலப்பு உப்பு. வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாக ஷெட்டில் தேங்கும். அமிலத்துக்குச் சல்ஃபூரிக் போதும்.

பிளான்ட் ஷிஃப்ட்:
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேனுங்க. ஆர்.ஓ. (கழிவுநீரை மெம்பரேன் வழியே அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரிப்பது) 85 சதவீதம் மீட்டால் 1,00,000 லிட்டரில் 15,000 லிட்டர் ரிஜெக்ட், அதாவது ஆவியாக்கிக்குப் போகும் மிச்ச உப்புத் தண்ணீர். 90 சதவீதம் மீட்டால் 10,000. ஆவியாக்கியின் சுமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. விறகுச் செலவு இறங்குவது அங்கேதான். அதற்காக அழுத்தத்தை மட்டும் கூட்டினால் சிலிக்காவும் கால்சியமும் மெம்பரேனில் படியும். முதலில் கடினத்தன்மையை எடுங்க. மெம்பரேனைத் தாண்டி வரும் நல்ல தண்ணீர் 10 சதவீதம் குறைந்ததுமே கெமிக்கல் கிளீனிங் செய்யுங்க, தள்ளிப்போட்டால் படிவு கெட்டியாகிவிடும்.

லேப் மேசை:
பிரைனை (கழிவிலிருந்து மீட்ட உப்புக்கரைசல்) திரும்பப் போட்டால் ஷேடு திட்டுத்திட்டாக வருகிறது என்று பிரைனையே குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதில் தங்கிய சோடா, அதாவது சாயம் பிடிக்கப் போடும் காரம். காரம் முன்கூட்டியே இருப்பதால் சாயம் பரவுவதற்குள் பிடித்துவிடுகிறது. அசிட்டிக் அமிலம் விட்டு பி.ஹெச். 6.5–7-க்குக் கொண்டுவந்த பிறகே சாயம் போடுங்கள். நிறம் நீக்கக் குளோரின் போட்டிருந்தால் ஸ்டார்ச் அயோடைடு தாளில் பாருங்கள். நீலமானால் தயோசல்பேட் தேவை, இல்லாவிட்டால் சாயம் வெளுக்கும். கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சோடாவையும் உப்பாகவே காட்டும். அதை மட்டும் நம்பி உப்பைக் குறைத்தால் அடர்நிறம் ஏறாது. சல்பேட்டைத் தனியாக டெஸ்ட் செய்துதான் பாக்கி உப்பைச் சேர்க்க வேண்டும்.

பிளான்ட் ஷிஃப்ட்:
மறந்துட்டேனுங்க: 32 டிகிரிக்குக் கீழே சோடியம் சல்பேட்டின் கரைதிறன் சட்டென இறங்கும். ஆவியாக்கியை நிறுத்தினால் அடர்கரைசல் பைப்பில் வெந்நீர் ஓட்டிவிடுங்க. அப்படியே விட்டால் விடிவதற்குள் உறைந்து அடைத்துவிடும், பைப்பைக் கழற்ற வேண்டிவரும்.